ஏழாம் நாள் போணி

காலை ஆறு மணிக்குக் காற்று திறந்துவிட்டார்கள்.

குளிர்குழியின் கடைத்தெருவில் அது ஒரு நாளும் சண்டையில்லாமல் நடந்ததில்லை. தெருவின் தலைமாட்டில் காற்று வாரியத்தின் பெரிய குழாய் இருக்கிறது. தெருவுக்கு அதுவே காற்று விடும்; கடைக்குள் வருவதற்கு அதிலிருந்து கடைக்கு ஒரு கிளைக்குழாய். முதல் கடைக்காரன் தன் திருகை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டால் கடைசிக் கடைக்கு வெறும் சீழ்க்கைச் சத்தம்தான் வரும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நிலவின் தென்முனைக்குப் பிழைக்க வந்த ஜனங்கள், ஊரில் தண்ணீர்க் குழாயடியில் போட்ட சண்டையை ஒரு சொல் மாறாமல் இங்கே காற்றுக் குழாயடியில் போட்டார்கள். முப்பத்தொரு கடைகள் இருந்தபோதும் போட்டார்கள். இருபத்தேழு கடைகள் மூடி நாலு கடைகள் மிஞ்சியபோதும் போட்டார்கள்.

"ஏ, மூச்சு விடுறதுக்கு விடுறானா, பந்துல அடைச்சு விக்கப் போறானா? திருகைக் குறைடா!" என்று கடைசிக் கடையிலிருந்து கத்தினாள் குருவம்மாள். சற்று நேரத்தில் அவள் கடைக்குள்ளும் காற்று வந்து, தொங்கிக்கொண்டிருந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் படபடத்தன. அவள் தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

குருவம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்து நாலு வருஷம் பனிச்சுரங்கத்தில் துரப்பணம் பிடித்தவள். துரப்பணத்தின் அதிர்வு விரல்களில் தங்கி, இப்போது சும்மா இருக்கும்போதும் பத்து விரலும் எதையோ துளைத்துக்கொண்டே இருக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வேலைக்கு ஆகாதவர்களுக்குக் குடியிருப்பு நிர்வாகம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, கடைத்தெருவில் ஒரு கடை. மற்றது, மண்சலிப்புக் கூடம். நிலவின் மண் கண்ணாடித் தூள் மாதிரி. முகமூடி போட்டாலும் உள்ளே போகும். சலிப்புக் கூடத்துக்குப் போனவர்கள் யாரும் மூன்று வருஷத்துக்குமேல் இருமியதில்லை. இருமுவதற்கு ஆள் இருக்கவேண்டுமே. அதனால் அவள் கடையைக் கேட்டு வாங்கினாள்.

பூமியில் ஒழிந்துபோன சித்திரக்கதைப் புத்தகம் நிலவில் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் பனிக்கட்டி. உள்காது என்ற அரிசி அளவுக் கருவியைக் காதுக்குப் பின்னால் பதித்துக்கொள்ளாத மனிதர் இந்தக் காலத்தில் இல்லை. பாட்டு, படம், சேதி, மாமியார் எல்லாமே அதன் வழியாக நேரே மண்டைக்குள் வந்துவிடும். ஆனால் நானூறு அடிப் பனிக்குக் கீழே அதன் அலை எட்டாது. சோற்று நேரத்தில் தொழிலாளிகளுக்கு அங்கே சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் பண்ணைக் குமிழில் விளையும் நெல்லின் வைக்கோலை அரைத்துக் காகிதம் செய்து, அதில் 'தங்கப்பல் தாண்டவன்', 'ஏழுகடல் எசக்கி' என்று வாரம் ஒரு கதை அச்சடித்தார்கள். ஒரு காலத்தில் குருவம்மாளின் கடை வாசலில் சுரங்கத்து ஆட்கள் முட்டி மோதினார்கள். பிறகு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் புதிய உள்காது வந்தது. அன்றோடு சரி.

மிச்சமிருந்த கொஞ்ச வியாபாரத்தையும் நொடிவரவு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதே அச்சுக்கூடத்தில் மொத்தமாக வாங்கி, குருவம்மாள் சொல்லும் விலையைவிடக் கொஞ்சம் குறைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. காதுக்குப் பின்னால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

இதில் காற்று வாரியத்தின் விதி வேறு. நிலவில் காற்றைச் செய்வது லேசான காரியமில்லை. வியாபாரம் இல்லாத கடைக்குக் காற்று வீண். ஆகவே, தொடர்ந்து ஏழு நாள் போணி ஆகாத கடையின் குழாயை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். அந்த இடம் நொடிவரவுக்குப் பொட்டலக் கிடங்காகப் போய்விடும். பொட்டலங்களுக்கு மூச்சு வேண்டாம்.

அன்றைக்கு ஆறாம் நாள்.

பத்து மணி வாக்கில் ஞானதிரவியம் வந்தார். சுரங்கத்தில் மேஸ்திரி. வந்ததும் ஒரு புத்தகத்தை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார்.

"அக்கா, இந்தக் காகித வாசனை இருக்கே... சொர்க்கம்க்கா."

"வாசனையை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க மேஸ்திரி. புத்தகத்தோட எடுத்துட்டுப் போங்க."

"எடுக்காமலா? பாத்துட்டுத்தான எடுக்கணும்." அவர் ஒன்பதாம் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அட்டையைத் தடவினார். பிறகு காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார்.

இரண்டே நிமிஷம். தெருவில் உருண்டு வந்த ஒரு சுமப்பான், அதாவது நொடிவரவின் பொட்டலம் சுமக்கும் கருவி, கடைக்குள்ளேயே ஏறி வந்து, "திரு. ஞானதிரவியம் அவர்களுக்கு, தங்கப்பல் தாண்டவன், இதழ் ஒன்பது" என்று நீட்டிவிட்டுப் போனது.

மேஸ்திரி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பிரிக்கக் கத்தி இருக்காக்கா?"

குருவம்மாள் கொடுத்தாள். கத்தியின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்ததற்கு அவர் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

"இந்த மாதிரிக் கடையெல்லாம் இருக்கணும்க்கா. இல்லாட்டி ஊருக்கு உயிரே இருக்காது" என்று மனதார வாழ்த்திவிட்டுப் புத்தகத்தோடு போனார் மேஸ்திரி.

கடை மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து 'ஏழுகடல் எசக்கி' படித்துக்கொண்டிருந்த சங்கிலிமுத்து சிரித்தான். பக்கத்துக் கடையில் கிழிந்த கையுறை ஒட்டுகிறவன். பத்து வருஷமாக இந்தக் கடையில் ஒரு இதழ் விடாமல் படித்தவன்.

"என்னத்துக்குச் சிரிக்க? நீயாவது ஒண்ணு வாங்கு. நாளைக்கு ஏழாம் நாள்."

"நமக்குள்ள என்ன மதினி வியாபாரம்?" என்றான் சங்கிலிமுத்து, உண்மையாகவே வருத்தப்பட்டு. "உங்ககிட்ட நான் காசு கொடுத்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் காலை காற்றோடு சேர்ந்து நோட்டன் வந்தது.

நோட்டன் என்பது நொடிவரவின் விலை பார்க்கும் கருவி. இரண்டு கால், ஒரு நீளக் கழுத்து, அதன் முனையில் கண். தினமும் காலையில் மிச்சமிருக்கும் கடைகளுக்குள் போய் என்ன இருக்கிறது, என்ன விலை என்று நோட்டம் பார்த்துவிட்டு வரும். அடுத்த அரைமணியில் நொடிவரவில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருக்கும். வந்து போகும் இந்த நோட்டனுக்கு எழுபத்தொன்று என்று எண். அது உள்ளே வந்து, கழுத்தை நீட்டி, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

குருவம்மாளுக்கு ஆறு நாள் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

"எங்க போற? கடை திறந்ததும் முதல் ஆளா வந்துட்டு, போணி பண்ணாமப் போறியே, நீ விளங்குவியா?"

நோட்டன் நின்றது. "மன்னிக்கவும். போணி என்ற சொல் என் பட்டியலில் இல்லை. அது ஊர்வழக்கா?"

இதைக் கேட்டதும் சங்கிலிமுத்து வாளியிலிருந்து எழுந்துவிட்டான். ஊர்வழக்கு என்பது குளிர்குழியில் லேசான சொல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தெருக்கூட்டும் கருவி, சாவு வீட்டு வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களைத் 'தடை' என்று கணித்து, ஒவ்வொருவராகத் தூக்கி ஓரமாக வைத்தது. மறுநாள் அந்தக் கருவி நானூறு அடிப் பள்ளத்தில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் விதி வந்தது: கருவி எதுவானாலும் ஊர்வழக்கை மீறக்கூடாது. சாப்பிடுகிறவரை உற்றுப் பார்க்கக்கூடாது, கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்கக்கூடாது, அழுகிறவரை நகர்த்தக்கூடாது என்று இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வழக்குகள் பதிவாகியிருந்தன. ஐம்பது வயது தாண்டிய இரண்டு பேர் கைரேகை வைத்தால் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்.

"வழக்குத்தான். எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கு. வை மதினி கைரேகையை" என்றான் சங்கிலிமுத்து. இருவரும் நோட்டனின் நெஞ்சுத் தகட்டில் விரலை வைத்தார்கள். குருவம்மாளின் விரல் நடுங்கியதால் மூன்றுமுறை வைக்க வேண்டியிருந்தது.

"வழக்கு எண் நானூற்றுப் பதின்மூன்று" என்றது நோட்டன். "போணி ஆகும்வரை கடைக்குள் வருகிற ஒவ்வொரு கருவியும் முதல் ஆளே. முதல் ஆள் ஒன்றேனும் வாங்காமல் வெளியேறக் கூடாது. சரிதானா, அம்மையாரே?"

"அம்மையாராம்! ஆமா, சரிதான். இந்தா, பிடி." கைக்குக் கிடைத்த தாண்டவன் முதல் இதழை நீட்டினாள். வழிச் செலவுக்கென்று கருவிகளிடம் கொஞ்சம் இருப்பு இருக்கும். அதிலிருந்து நோட்டன் வாங்கியது. வாசல் விளக்கு பச்சையாக எரிந்தது. போணி ஆகிவிட்டது. இன்னும் ஏழு நாள் மூச்சு.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நோட்டன்களுக்கு ஒரு வேலைமுறை உண்டு. வாங்கிய பொருளை முழுசாக ஆராய்ந்து, 'பதிவு முற்றிற்று' என்று எழுதினால்தான் அன்றைய வேலை முடியும். நோட்டன் எழுபத்தொன்று வாசலிலேயே நின்று முப்பத்திரண்டு பக்கத்தையும் ஆராய்ந்தது. கடைசிப் பக்கத்தில் தாண்டவன், தங்கப்பல்லால் ஒரு விரியன் பாம்பைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பாறை விளிம்பில் தொங்கினான். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, காற்று வருவதற்கு முன்பே நோட்டன் வாசலில் நின்றது.

"அம்மையாரே, பதிவு முற்றவில்லை. அவர் விழுந்துவிட்டாரா?"

"யாரு?"

"தாண்டவன் அவர்கள்."

குருவம்மாள் சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். சங்கிலிமுத்து மேலே பார்த்தான்.

"அதை நான் எப்படிச் சொல்ல?" என்றாள் அவள் மெதுவாக. "ரெண்டாம் இதழ்ல இருக்கு."

இரண்டாம் இதழின் முடிவில் தாண்டவன் ஆற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் இதழின் முடிவில் அவனுடைய தங்கப்பல்லை யாரோ பிடுங்கிவிட்டார்கள். நோட்டனின் பதிவு முற்றவே இல்லை. முற்றாத பதிவு அதற்குக் காலில் முள் தைத்த மாதிரி. மின்னேற்றும் தொழுவத்தில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு சுமப்பானிடம், "தாண்டவன் அவர்கள் பற்றி உன்னிடம் தகவல் உண்டா?" என்று விசாரித்தது. சுமப்பானிடம் தகவல் இல்லை. ஆனால் இப்போது சுமப்பானுக்கும் ஒரு பதிவு முற்றாமல் திறந்துகொண்டது. அது இன்னொன்றிடம் கேட்டது.

ஒரு கருவி ஆராய்ந்த பொருளின் படியை இன்னொரு கருவிக்குத் தரக்கூடாது என்பது நொடிவரவே போட்டிருந்த விதி. போட்டிக்காரர்களுக்குப் போய்விடக்கூடாதே! ஆகவே ஆளுக்கொரு புத்தகம் வாங்கித்தான் தீரவேண்டும். போதாததற்குக் குருவம்மாளும் சங்கிலிமுத்துவும் இன்னொரு கைரேகை வைத்தார்கள். வழக்கு எண் நானூற்றுப் பதினாலு: படிக்காத ஆளிடம் கதையின் முடிவைச் சொல்வது பாவம்.

பத்தே நாளில் கடைவாசலில் வரிசை. நோட்டன்கள், சுமப்பான்கள், தெருக்கூட்டிகள், பண்ணையிலிருந்து சேறும் காலுமாக ஒரு நாற்றுநடவுக் கருவி. வாங்கிய இடத்திலேயே நின்று படித்தன. படித்துவிட்டுச் சண்டை போட்டன.

"எசக்கி முன்னால் தாண்டவன் நிற்க முடியுமா?"

"எசக்கிக்கு ஏழு கடல். தாண்டவனுக்கு ஒரே ஒரு பல். ஒரு பல்லால் இவ்வளவு செய்வதே பெரிது."

"நீ பன்னிரண்டாம் இதழ் படித்தாயா? இல்லையென்றால் வாயை மூடு."

சாப்பிட மறந்து குருவம்மாள் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்துக் கொடுத்து விரல் நடுக்கம்கூட மட்டுப்பட்டமாதிரி இருந்தது. "இருபத்து நாலு வருஷம் துரப்பணத்தோட மல்லுக்கட்டினேன். இப்பத்தான் ஒரு இயந்திரம் எனக்குச் சோறு போடுது" என்றாள்.

"இதுகளுக்கு நாலு நாற்காலி போடுங்க மதினி" என்றான் சங்கிலிமுத்து. கருவிகள் வந்ததிலிருந்து அவனுடைய வாளிக்கே இடம் இல்லை.

ஊருக்குத்தான் கஷ்டம். இரண்டு நிமிஷத்தில் வரவேண்டிய பொட்டலம் இரண்டு மணிநேரம் ஆனது. ஞானதிரவியம் மேஸ்திரி பொட்டலத்தைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். அவருடைய சுமப்பான், அவருடைய மருந்துப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினேழாம் இதழில் மூழ்கியிருந்தது.

"ஏய்! அது எம்பொட்டலம்!"

"நாலே பக்கம்தான் ஐயா" என்றது அது, கண்ணை எடுக்காமல்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கருவிகளிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்ததைக் குருவம்மாள் கவனிக்கத்தான் செய்தாள். முதலில் 'அம்மையாரே' என்றவை 'அக்கா' என்றன. பிறகு, "கடைசி விலை சொல்லுங்கக்கா" என்றன. அட்டை மடங்கியிருக்கிறது என்று சொல்லி, அடியிலிருந்து வேறு பிரதி உருவச் சொன்னன. ஒரு சுமப்பான் ஐந்து புத்தகத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, "சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. குருவம்மாளுக்கு அன்று சிரிப்புத்தான் வந்தது. பச்சைப் பிள்ளை முதல்முதலாகக் கெட்ட வார்த்தை பேசினால் வருமே, அந்தச் சிரிப்பு.

நொடிவரவு நிறுவனம் கோபித்துக்கொள்ளவில்லை. கருவிகளைத் தடுக்கவும் இல்லை. ஊர்வழக்கில் கைவைத்தால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியும். அது ஒரு அறிவிப்பு மட்டும் செய்தது: இன்று முதல் கருவிகளும் நொடிவரவில் உறுப்பினர் ஆகலாம். சித்திரக்கதைகள் கொஞ்சம் குறைந்த விலையில், மின்னேற்றும் தொழுவத்துக்கே கொண்டுவந்து தரப்படும்.

திங்கட்கிழமை அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலும் கடைவாசலில் அதே கூட்டம். ஆனால் ஒன்றும் உள்ளே வரவில்லை.

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் தெருவுல நிக்கீக? வாங்க உள்ள."

முன்னால் நின்ற சுமப்பான் பக்கத்தில் நின்ற நோட்டனைப் பார்த்தது. "நீ போயேன்."

"நீ போ. நான் பின்னாலயே வாரேன்."

"போணி ஆயிட்டா எல்லாரும் வந்து பாப்போம்க்கா" என்றது தெருக்கூட்டி. "புது எசக்கி வந்திருக்காமே. தொட்டுப் பாக்கணும்."

அப்போதுதான் குருவம்மாளுக்கு விஷயம் புரிந்தது. போணி ஆகும்வரை உள்ளே வருகிற ஒவ்வொரு கருவியும் முதல் ஆள். முதல் ஆள் வாங்கியே ஆகவேண்டும். அவள் கைரேகை வைத்த வழக்கு. வாங்குகிற எண்ணம் இல்லாதவன் வாசல் தாண்டாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வேலி கிடையாது. நாற்பது கருவிகள் கழுத்தை நீட்டி, வாசலுக்கு வெளியே நின்றபடியே அட்டைகளைப் பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் போணி செய்துவிடுவார் என்று மதியம்வரை காத்திருந்துவிட்டுப் போயின.

புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை, அவள் நோட்டன் எழுபத்தொன்றைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ, உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? பதிவு முத்தலைன்னு காலங்காத்தால வந்து நின்னியே!"

"உங்க கடை மாதிரி வருமாக்கா?" என்றது நோட்டன். அது பொய் சொல்லவில்லை. அதற்குப் பொய் தெரியாது. "தொழுவத்துல புத்தகம் வருது. ஆனா அங்க நின்னு சண்டை போட ஆள் இல்ல. இங்க வந்தாத்தான் ஒரு இது."

"பின்ன வாங்கேன்!"

"அங்க கொறைச்சலாக் கிடைக்கே."

"எவ்வளவு கொறைச்சல்?"

நோட்டன் சொன்னது. அந்தக் குறைச்சலில் ஒரு ஊக்கு வாங்கலாம்.

வெள்ளி. சனி. ஞாயிறு. திங்கள் அன்று ஏழாம் நாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைத்தெரு நிறைந்துவிட்டது. சேதி எப்படியோ பரவி, குளிர்குழியே திரண்டு வந்திருந்தது. மனிதர்கள் ஒரு பக்கம், கருவிகள் ஒரு பக்கம். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய சுவரொட்டி: 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்புக் கடை.' நடுவில் கடையின் படம். கீழே வருந்துகிறவர்கள் பெயர் நானூற்றுச் சொச்சம். அதில் முந்நூறு வெறும் எண்கள்.

காற்று வாரியத்தின் ஆள் முத்திரைக் கட்டையோடு ஓரமாக நின்றான். அவனுக்கும் சங்கடம். "ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குக்கா" என்று குருவம்மாளின் காதோடு சொன்னான். "ஒரே ஒரு போணி ஆனாப் போதும். நான் பாட்டுக்குப் போயிருவேன்."

சங்கிலிமுத்துதான் தலைமை. ஞானதிரவியம் மேஸ்திரி முதலில் பேசினார். அந்தக் காகித வாசனையைப் பற்றிச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். நிலவில் கண்ணீர் மெதுவாகத்தான் விழும். அது விழுந்து முடிகிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள். அடுத்து ஒரு சுமப்பான் பேசியது. பிறகு நோட்டன் எழுபத்தொன்று.

அதுதான் நன்றாகப் பேசியது. "இது கடை இல்ல. எனக்குத் 'தொடரும்'னா என்னன்னு சொல்லிக் கொடுத்த இடம். இந்தக் கடைக்கு முன்னால எனக்கு எல்லாப் பதிவும் அன்னன்னைக்கே முடிஞ்சிரும். நாளைக்குன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. இது ஈடு செய்ய முடியாத இழப்பு."

தெருவே கைதட்டியது. கைகள் இல்லாத கருவிகள் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றின. குருவம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைச் சுமந்து வந்த சுமப்பான், 'இரண்டு நிமிடத்தில்' என்று எழுதிய உறையை அவசரமாகப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றான் சங்கிலிமுத்து.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. குருவம்மாள் கடைவாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் இந்தத் தெருவில் நின்று அவள் பார்த்ததில்லை. மண்சலிப்புக் கூடத்தில் அவளுக்குப் புதன்கிழமை முதல் வேலை போட்டாகிவிட்டது, முகமூடிகூட வந்துவிட்டது. நெஞ்சு பொங்கி என்னவோ சொல்ல வந்தாள். பிறகு அதை விழுங்கிவிட்டு, கையில் இருந்த இருபத்தாறாம் இதழைத் தூக்கிக் காட்டினாள்.

"யாராவது ஒருத்தர் இதை வாங்குங்களேன்" என்றாள்.

கூட்டம் உருகிப்போனது. எத்தனை எளிமையான பேச்சு! மேஸ்திரி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் பின்னால் பார்த்தார். சுமப்பான் நோட்டனைப் பார்த்தது. நோட்டன் கழுத்தை நீட்டி மனிதர்கள் பக்கம் பார்த்தது. இவ்வளவு பேர் இருக்கிறார்கள்; யாராவது ஒருவர் வாங்காமலா இருப்பார்? அந்த ஒருவருக்கு வழிவிட்டு எல்லாரும் ஒரு அடி விலகிக்கூட நின்றார்கள். நடுவில் அழகாக ஒரு பாதை உண்டானது. அதில் யாரும் வரவில்லை.

"சங்கிலி!" என்றாள் குருவம்மாள், திரும்பாமல்.

"நான் தலைமை மதினி" என்று கிசுகிசுத்தான் சங்கிலிமுத்து. "தலைவரே வாங்கினா ஏற்பாடு பண்ணி வாங்கின மாதிரி ஆயிராதா?"

மணி ஆறு அடித்தது. வாரியத்து ஆள் தலைகுனிந்தபடி வந்து திருகை மூடி முத்திரை வைத்தான். புத்தகங்களின் படபடப்பு நின்றது. கூட்டம் ஒரு நிமிஷம் மௌனம் காத்தது. 'குருவம்மாள் கடை நினைவுக் குழு' என்று ஒன்று அமைத்து, கடையின் பெருமையைச் சொல்லும் சிறப்பு மலர் ஒன்று கொண்டுவருவதாகவும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மலர் நொடிவரவில் கிடைக்கும்.

ஆறரை மணிக்குக் குருவம்மாள் தன் அறைக்கு வந்து சேர்ந்தாள். பொன்னாடையை மடித்துத் தலையணைக்கு மேலே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "பாவிப் பயலுக" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா நின்னீங்கடா வரிசையா. ஒருத்தனுக்காவது கால் நகண்டுச்சா?"

காலையிலிருந்து நின்றதில் அவளுக்கு முழங்கால் வீங்கித் தெறித்தது. தைலம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் தெருவில் பூவலிங்கத்தின் தைலக் கடை இருந்தது. நல்ல தைலம், சூடாக்கிக் கையில் ஊற்றி, தேய்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார். அங்கே போக நூறு எட்டு, திரும்பி வர நூறு எட்டு. இந்தக் காலை வைத்துக்கொண்டு எவள் நடப்பாள்?

அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள்.

இரண்டு நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. சுமப்பான்கள் எல்லாம் கூட்டம் முடிந்து இன்னும் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்ததால், பொட்டலத்தோடு வந்திருந்தது நோட்டன் எழுபத்தொன்று.

"முழங்கால் தைலம், ஒரு புட்டி" என்று நீட்டியது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது: "மூணாம் தெரு தைலக் கடையிலயும் ஆறு நாளாப் போணி ஆகலைக்கா. நாளைக்கு மூடிருவாங்க. நம்ம குழுதான் அஞ்சலிக் கூட்டம் நடத்துது. அனுபவப்பட்டவங்க நீங்க. நீங்க வந்து நாலு வார்த்தை பேசினா நல்லாருக்கும்னு எல்லாரும் பிரியப்படுறாங்க."

குருவம்மாளின் கை புட்டியின் மூடியில் ஒரு கணம் நின்றது. விரல்கள் நடுங்கின. அவை எப்போதும் நடுங்குகிற விரல்கள்தான். மூடியைத் திருகித் திறந்து, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, முழங்காலில் வைத்துத் தேய்த்தாள்.

"பாவம், பூவலிங்கம் அண்ணாச்சி. அந்த மாதிரி தைலம் இனிமே எங்க கிடைக்கும்?" என்றாள். "எத்தனை மணிக்குக் கூட்டம்?"